காத்திருக்கும் துணைவர்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் வெளிநாட்டு மணத்துணையின் விசாவும் வசிப்புரிமையும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய ஊர்களைத் தழுவிக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வளர்ந்திருக்கும் உற்பத்தித் தொழிற்பகுதியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முதலீடு, ஏற்றுமதி, நிலமெடுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் நிலை ஆகியவற்றையே பேசுகின்றன. அந்த ஆலைகளை ஒட்டி வந்து சேர்ந்த குடும்பங்களைப் பற்றி, குறிப்பாக வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் இங்கே வாழும் மனைவி அல்லது கணவனின் சட்டநிலை பற்றி, அவை அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. 1996-இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியிட்டது முதல், 2000-இல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை, 2006-இல் நோக்கியா, 2007-இல் சாம்சங், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லரின் வணிக வாகன ஆலை எனத் தொடர்ந்து, இன்று ஃபாக்ஸ்கானின் கைப்பேசித் தொகுப்புக்கூடங்கள் வரை வந்திருக்கும் இந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் கொரியா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ், தைவான் முதலிய நாடுகளின் பொறியாளர்களையும், பலர் விஷயத்தில் அவர்களுடைய துணைவர்களையும் இங்கே கொண்டுவந்தது. பெங்களூரு நெடுஞ்சாலையோரத்துக் கொரிய எழுத்துப் பலகைகள் வழிப்போக்கருக்குப் புதுமையாகத் தோன்றலாம். அவற்றின் பின்னே உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் திரும்பிவரும் கவலை விசாவின் காலாவதித் தேதியாகும்.

எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு. பயிற்சிக்காகவோ பணிக்காகவோ இப்பகுதியிலிருந்து வெளிநாடு சென்று அங்கேயே மணமுடித்துத் திரும்பும் தமிழ்ப் பொறியாளர்களும், இங்கேயே உடன் பணிபுரிந்த வெளிநாட்டவரை மணந்தவர்களும் எண்ணிக்கையில் குறைவானவர்கள். ஆயினும் சட்டம் இவர்களை நடத்தும் முறை முதல் வகையினரை நடத்தும் முறையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. ஆகவே, வெளிநாட்டவர் ஒருவருக்கு மணத்துணையாக வந்தவர், இந்தியக் குடிமகன் அல்லது குடிமகளுக்கு மணத்துணையாக வந்தவர் என்ற இரு வகையினரையும் பிரித்து வைத்துப் பார்த்தால்தான், நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும்வரை பார்வையாளர் விசாவை நீட்டிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பொருளுள்ள விடை கிடைக்கும். இவ்விரண்டும் குழம்பிப் போவதால்தான் குடும்பங்கள் தவறான விண்ணப்பத்தில் மாதங்களை இழக்கின்றன.

இக்கேள்வியில் மறைந்திருக்கும் ஓர் அனுமானத்தை முதலில் அகற்ற வேண்டியிருக்கிறது. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ளதுபோல், குடிமகனை மணந்தவர் என்ற காரணத்துக்காக ஒருவருக்கு நிரந்தர வசிப்புரிமை என்ற பெயரில் ஒரு தகுதியை இந்தியச் சட்டம் வழங்குவதில்லை. அந்த இடத்தில் இங்கே இருப்பது ஓ.சி.ஐ. அட்டை, அதாவது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 7-ஏ பிரிவின்கீழ் வழங்கப்படும் ‘இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்’ என்னும் பதிவு. இது பெயரளவில் குடியுரிமை போல் ஒலித்தாலும் குடியுரிமையன்று. வாக்குரிமையோ அரசமைப்புப் பதவிக்கான தகுதியோ விவசாய நிலம் வாங்கும் உரிமையோ இதில் இல்லை. ஆனால் ஆயுள் முழுவதும் பலமுறை வந்துபோகவும், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ளாமலே எத்தனை காலமும் தங்கவும், பெரும்பாலான வேலைகளைச் செய்யவும் இது இடமளிப்பதால், நடைமுறையில் இதுவே இந்தியாவின் நிரந்தர வசிப்புரிமை எனக் கொள்ளத்தக்கது.

இந்த அட்டையை எட்டும்வரை உள்ள இடைக்காலம் எந்தச் சட்டத்தின் நிழலில் கழிகிறது என்பது அடுத்த கேள்வி. 1920-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், 1939-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டம், 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், 2000-ஆம் ஆண்டின் போக்குவரத்து நிறுவனப் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கையும் நீக்கிவிட்டு, 2025-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்புதிய சட்டத்தின்படி விசாக் காலம் முடிந்தபின் தங்கியிருப்பது மூன்றாண்டுவரை சிறைத்தண்டனையோ மூன்று லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும். பழைய சட்டங்கள் மாறினாலும் அவற்றின் அடியில் இருந்த கோட்பாடு மாறவில்லை. வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் வரம்பற்றது என்று 1955-இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான அரசமைப்புப் பாதுகாப்பு வெளிநாட்டவருக்கும் உண்டு என்றாலும் இந்நாட்டில் வசிக்கவும் குடியமரவும் உள்ள உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்று 1991-இல் லூயிஸ் டி ரேட் வழக்கில் அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பல்லாண்டுகள் இந்தியாவில் வாழ்ந்த ஒருவருக்கே அந்த விடை கிடைத்தது என்பதை நினைத்தால், விசா நீட்டிப்பு என்பது கோரிப் பெறத்தக்க சலுகையே அன்றி உரிமையன்று என்பது விளங்கும்.

பார்வையாளராக நுழையும் வழிகளில் ஜப்பானியருக்கும் கொரியருக்கும் தனி வசதி ஒன்று உண்டு. 2016 முதல் ஜப்பானியரும் 2018 முதல் தென்கொரியரும் சென்னை உள்ளிட்ட சில பன்னாட்டு விமான நிலையங்களில் இறங்கியவுடன் 60 நாள் விசா பெறலாம். அது நீட்டிக்கவோ வேறு வகையாக மாற்றவோ இயலாதது, இந்தியாவில் வீடோ தொழிலோ உள்ளவருக்கு அது பொருந்துவதும் இல்லை. 2014 நவம்பரில் தொடங்கிப் பின்னர் விரிவடைந்த மின்னணுச் சுற்றுலா விசா ஓராண்டு, ஐந்தாண்டு எனக் கிடைத்தாலும், ஒருமுறை வந்து தொடர்ந்து தங்கும் காலத்துக்கு வரம்பு இருக்கிறது. ஓராண்டு, ஐந்தாண்டு என்பது விசா செல்லுபடியாகும் காலம். தங்கும் காலம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஐந்தாண்டு விசா கையில் இருக்கும்போதே காலங்கடந்து தங்கியவராகிவிடுவது இத்துறையில் மிக எளிதாக நேரக்கூடிய பிழை. சுற்றுலா விசாவை நாட்டுக்குள் இருந்தபடியே நீட்டிப்பது நோய், விமானம் தடைப்படுதல் போன்ற நெருக்கடிகளுக்கு மட்டுமே உரிய விதிவிலக்கு. எனவே, துணைவரின் பார்வையாளர் விசாவை நீட்டிப்பது எப்படி என்று கேட்பதே பெரும்பாலும் தவறான வாயிலைத் தட்டுவதாகும். விசா வகையை மாற்றுவது எப்படி என்பதே கேட்கப்பட வேண்டியது.

அந்த மாற்றத்துக்கு அடிப்படை ஆவணம் திருமணச் சான்று. இங்கேதான் காலக்கணக்கின் முதல் முடிச்சு விழுகிறது. மணமக்களில் ஒருவர் வெளிநாட்டவராகவும் வேறு சமயத்தவராகவும் இருக்கும்போது இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்பதால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே வழியாகிறது. அச்சட்டப்படி, மணமக்களில் ஒருவராவது அறிவிப்புக்கு முந்தைய 30 நாள்களேனும் திருமண அலுவலரின் எல்லைக்குள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்தபின் ஆட்சேபங்களுக்காக மேலும் 30 நாள்கள் காத்திருக்க வேண்டும். அறிவிப்புத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடைபெறாவிட்டால் அந்த அறிவிப்பு செல்லாததாகிப் புதிதாகக் கொடுக்க நேரும். தமிழ் மணமகனோ மணமகளோ ஸ்ரீபெரும்புதூரில் வசிப்பவராக இருப்பின் முதல் 30 நாள் நிபந்தனை தானே நிறைவேறிவிடும் என்றாலும், வெளிநாட்டு மணமகள் வந்திறங்கிய பிறகே அறிவிப்பு கொடுப்பதாகக் கொண்டால், 60 நாள் விசாவில் பாதி அறிவிப்புப் பலகையிலேயே கரைந்துபோகும். எஞ்சிய காலத்தில், மணமாகாதவர் என்பதற்குத் தம் நாட்டுத் துணைத் தூதரகம் தரும் சான்று, சாட்சிகள், அலுவலக விடுமுறைகள் ஆகிய அனைத்தையும் ஒப்பேற்றியாக வேண்டும். இந்த முதல் வருகையிலேயே திருமணம், பதிவு, விசா மாற்றம் மூன்றையும் முடித்துவிடலாம் என்று திட்டமிடும் குடும்பங்கள், தேதிகளை ஒருமுறை காகிதத்தில் கூட்டிப்பார்த்தாலே அது எவ்வளவு இடுக்கானது என்பதை உணர்ந்துவிடுவார்கள்; அந்த 60 நாள் விசாவையோ வேறு வகையாக மாற்றவே இயலாது.

திருமணம் வெளிநாட்டிலேயே நடந்திருந்தால் சிக்கல் வேறு விதமானது. அந்நாட்டுச் சான்றிதழை இந்திய அலுவலகங்கள் ஏற்க வேண்டுமாயின் அதன் உண்மைத்தன்மை உறுதிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஜப்பானும் கொரியாவும் உறுப்பு நாடுகளாதலால் அவற்றுக்கிடையே அப்போஸ்டில் என்னும் ஒற்றை முத்திரையே போதுமானது. தைவான் அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பதால் அங்கிருந்து வரும் சான்றுகள் தைப்பேயிலுள்ள இந்திய அலுவலகத்தின் வழியே மேலொப்பம் பெற்று வர வேண்டியிருக்கும். ஜெர்மனியோ, 2005-இல் இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது மறுப்புத் தெரிவித்த நாடுகளில் ஒன்று. அதனால் ஒரகடத்து ஜெர்மானியக் குடும்பத்துக்கு எளிதாக இருக்க வேண்டிய காரியம் தூதரகச் சான்றளிப்பு என்னும் பழைய முறையில் சுற்றிச் செல்கிறது. ஒரே ஆலை வளாகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருக்கும் இருவரின் காத்திருப்புக் காலம் அவரவர் நாட்டுக்கும் இந்தியாவுக்கும் இடையே அந்த ஒப்பந்தம் நடப்பில் உள்ளதா என்பதைப் பொறுத்து அமைவது இத்துறையின் இயல்பு.

திருமணச் சான்று கைக்கு வந்தபின் இந்தியக் குடிமகனின் துணைவருக்கு உரியது நுழைவு விசா. எக்ஸ் என்னும் எழுத்தால் குறிக்கப்படும் இவ்வகையில் குடிமகனின் மனைவி, கணவன், குழந்தைகளுக்கெனத் தனி உட்பிரிவு இருக்கிறது. இது ஆண்டுக்கணக்கில் வழங்கப்படுவதோடு நாட்டுக்குள்ளேயே நீட்டிக்கவும் தக்கது. சுற்றுலா விசாவை வேறு வகையாக மாற்ற இயலாது என்பது பொது விதியாக இருப்பினும், இந்தியரை மணந்தவர் என்ற காரணத்துக்காக அதை நுழைவு விசாவாக மாற்றக் கோர உள்துறை அமைச்சகத்தின் நடைமுறை விதிகள் இடம் வைத்திருக்கின்றன. ஆயினும் அது அதிகாரியின் மதிப்பீட்டைச் சார்ந்தது. விசாரணைக்குக் காலம் எடுக்கும். திருமணமானவர் சொந்த நாட்டுக்குத் திரும்பி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நுழைவு விசாவைப் பெற்றே மீண்டும் வருவது செலவு மிகுந்த வழியென்றாலும் உறுதியான வழி.

இப்பகுதிக்கான விண்ணப்பங்களைக் கையாளும் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம், பேச்சு வழக்கில் எஃப்.ஆர்.ஆர்.ஓ., சென்னை நுங்கம்பாக்கத்தின் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் இயங்குகிறது. 2018 ஏப்ரலில் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்னும் இணையவழி முறை வந்தபின் நீட்டிப்பு, வகைமாற்றம், பதிவு, வெளியேறும் அனுமதி ஆகியவற்றுக்காக நுங்கம்பாக்கம்வரை சென்று வரிசையில் நிற்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்தது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் தாள்கள் குறையவில்லை. வசிப்பிடச் சான்று, குடிமகனின் அடையாள ஆவணங்கள், பராமரிப்புப் பொறுப்பு உறுதிக் கடிதம் ஆகியவற்றோடு, வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டிய, ‘படிவம் சி’ என வழங்கிவந்த அறிக்கையும் பார்க்கப்படும். விடுதிகளும் ஆலைகளை ஒட்டிய சேவைக் குடியிருப்புகளும் இதை வழக்கமாகவே செய்துவிடுகின்றன. தனி வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு, அதைவிட மருமகளைத் தம் வீட்டிலேயே வைத்திருக்கும் மாமனாருக்கு, இப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாமற்போவது இயல்பு. அந்த ஒரு படிவம் இல்லாமையால் நீட்டிப்பு விண்ணப்பத்தில் விளக்கம் கேட்கப்பட்டு வாரங்கள் கழியக்கூடும்.

நுழைவு விசாவிலிருந்து ஓ.சி.ஐ. அட்டைக்குச் செல்லும் பாதையின் அளவு இரண்டாண்டு. 2015-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 7-ஏ பிரிவில் சேர்த்த விதியின்படி, குடிமகனின் அல்லது ஓ.சி.ஐ. அட்டை உள்ளவரின் வெளிநாட்டுத் துணைவர், திருமணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பத்துக்கு முன் இடையறாது இரண்டாண்டுகளேனும் நிலைத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் உரிய அமைப்பின் முன்கூட்டிய பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும். பாகிஸ்தான், வங்காளதேசக் குடிமக்களாக இருந்தவரும் அவர்கள் வழி வந்தவரும் இதற்குத் தகுதியற்றவர். முன்பிருந்த பி.ஐ.ஓ. அட்டை, அதாவது இந்திய வம்சாவளியினருக்கான அட்டை, 2015 ஜனவரி 9 முதல் ஓ.சி.ஐ.யோடு இணைக்கப்பட்டது, அந்த இணைப்பின் போதுதான் மணத்துணைக்கான நிபந்தனைகளும் இறுகின. இங்கே ‘பதிவு’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் அழுத்தம் கவனிக்கத்தக்கது. ஊரில் கோவிலில் தாலி கட்டி உற்றார் கூடிச் சாப்பிட்டு முடித்த திருமணம் சமூகத்தின் கண்ணில் அன்றே முழுமை பெறுகிறது. அலுவலகத்தின் கண்ணில் அது பதிவேட்டில் ஏறிய பின்னரே எண்ணத் தக்கதாகிறது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டம் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருந்தும், விருந்து, மறுவீடு, பணி மாற்றம் என்று பதிவைத் தள்ளிப்போடும் வழக்கம் தீரவில்லை. அவ்வாறு தள்ளிப்போடப்படும் ஒவ்வொரு மாதமும் வெளிநாட்டு மருமகளின் காத்திருப்பில் ஒரு மாதமாக ஏறிவிடக்கூடும்.

இந்த இரண்டாண்டு விதியின் நோக்கம் போலித் திருமணங்களைத் தடுப்பது என்பது வெளிப்படை. அந்த நோக்கத்தில் குறைகாண இடமில்லை. கேள்விக்குரியது அதற்குப் பிந்தைய ஏற்பாடு. 7-டி பிரிவின்படி, நீதிமன்றம் திருமணத்தை முறித்தாலோ, திருமணம் நிலைத்திருக்கும்போதே துணைவர் வேறொருவரை மணந்தாலோ, மணத்துணை என்ற தகுதியில் பெற்ற ஓ.சி.ஐ. அட்டையை அரசு நீக்கலாம். அதாவது, இருபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, குழந்தைகளை வளர்த்து, தமிழைத் தாய்மொழிபோல் பேசும் ஒருவரின் வசிப்புரிமையும் திருமணத்தின் ஆயுளோடு கட்டப்பட்டே இருக்கிறது. இரண்டாண்டுக் காத்திருப்பால் திருமணத்தின் உண்மைத்தன்மையைச் சோதித்துவிட்ட சட்டம், அதன்பின் காலவரையின்றி அதே சோதனையைத் தொடர்வதற்கு வலுவான காரணம் புலப்படவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து விலக நினைக்கும் பெண்ணுக்கு இந்த விதி எத்தகைய தளையாகும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இதிலிருந்து முற்றிலும் விடுபடும் வழி குடியுரிமை மட்டுமே: குடிமகனை மணந்து ஏழாண்டு இந்தியாவில் வசித்தவர் 5-ஆம் பிரிவின்கீழ் குடிமகளாகப் பதிந்துகொள்ள விண்ணப்பிக்கலாம், ஐந்தாண்டு ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு இங்கே வசித்தவருக்கும் அவ்வழி திறந்திருக்கிறது. 1955-இல் இப்பிரிவு எழுதப்பட்டபோது அது குடிமக்களை மணந்த பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது; கணவன்மாரையும் உட்படுத்தும் வண்ணம் 1986-ஆம் ஆண்டின் திருத்தம் அதை மாற்றியது. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காததால், பெற்றோரும் உடன்பிறந்தாரும் வாழும் நாட்டின் கடவுச்சீட்டைக் கைவிட்டே அதைப் பெற இயலும். அந்த விலையைக் கொடுக்கப் பலர் துணிவதில்லை.

முதல் வகையினரின், அதாவது வெளிநாட்டு ஊழியரின் துணைவராக வந்தவரின், நிலை இதைவிட எளியதாகவும் இதைவிடக் கடினமாகவும் இருக்கிறது. எளிது என்பதற்குக் காரணம், நிறுவனத்தின் மனிதவளத் துறையும் அது அமர்த்தும் முகவர்களும் எல்லாத் தாள்களையும் பார்த்துக்கொள்வது. ஊழியருக்கு வேலைவாய்ப்பு விசாவும் துணைவருக்கு அதையொட்டிய சார்ந்தோர் விசாவும் கிடைக்கின்றன. முன்னதற்கு ஆண்டு ஊதியம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்ற வரம்பு 2017 முதல் வழங்கிவந்தது. தம் நாட்டு உணவைச் சமைக்கும் சமையல்காரரும் ஆங்கிலம் அல்லாத மொழிகளின் ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வரம்பிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் என்பது, ஸ்ரீபெரும்புதூரின் கொரிய உணவகங்கள் எப்படி நடக்கின்றன என்பதற்கு ஒரு விளக்கமும் ஆகும். கடினம் என்பதற்குக் காரணம், இந்தப் பாதை எங்கும் சென்று முடிவதில்லை என்பது. வேலைவாய்ப்பு விசா முதலில் வழங்கப்பட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட ஆண்டு வரம்புவரையே இங்கே நீட்டிக்கப்படுகிறது. துணைவரின் விசா அதனோடு தொடங்கி அதனோடு முடிகிறது. அந்த விசாவைக் கொண்டு தனி அனுமதியின்றி ஊதியப் பணி எதையும் செய்ய இயலாது. அவ்வரம்பு முடிந்து வெளியே சென்று புதிய விசாவுடன் திரும்பி எனப் பத்து பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தாலும், வசித்த காலம் எந்த நிரந்தரத் தகுதியாகவும் கனிவதில்லை. சியோலிலோ யோகோஹாமாவிலோ தம் பணியை விட்டுவிட்டு வந்த பட்டதாரி மனைவி இங்கே ஒரு தலைமுறைக் காலம் பார்வையாளராகவே இருந்துவிடக்கூடும்.

வெளிநாட்டவருக்கு நிரந்தர வசிப்புரிமை என்ற பெயரிலேயே இந்தியா வகுத்த ஒரே திட்டம் 2016 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஏற்றது. பதினெட்டு மாதங்களில் பத்துக் கோடி ரூபாயோ முப்பத்தாறு மாதங்களில் இருபத்தைந்து கோடி ரூபாயோ முதலீடு செய்து, ஆண்டுதோறும் குறைந்தது இருபது இந்தியருக்கு வேலை தரும் முதலீட்டாளருக்குப் பத்தாண்டு வசிப்புரிமையும், அவருடைய துணைவருக்கு வேலை செய்யும் உரிமையும் அது தருகிறது. உதிரிபாகத் தொழில் நடத்தும் ஒரு சில கொரிய, ஜப்பானிய உரிமையாளர்களுக்கு இது பொருந்தலாம். அவர்களுடைய ஆலையின் தரக்கட்டுப்பாட்டை இருபது ஆண்டு பார்த்த பொறியாளரின் குடும்பத்துக்கு இதில் இடமில்லை.

பிற நாடுகளின் ஏற்பாடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது, அவை தாராளமானவை என்று காட்டுவதற்காக அன்று. காத்திருக்கும் காலத்துக்கு அவை எப்படிச் சட்ட வடிவம் தந்திருக்கின்றன என்பதைக் காண்பதற்காகவே. இத்தொழிற்பகுதியிலிருந்து புலம்பெயர்ந்த பொறியாளர் பலருக்கு அறிமுகமான கனடாவில், பார்வையாளராக நுழைந்தவர் பொதுவாக ஆறு மாதம் தங்கலாம். அக்காலம் முடியுமுன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை அவருடைய முந்தைய நிலை தொடர்வதாக அந்நாட்டு விதிகளே சொல்லிவிடுகின்றன. கவனிக்க வேண்டியது, கணவன் அளித்த குடும்ப ஆதரவு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது மட்டும் மனைவியின் பார்வையாளர் நிலையை நீட்டிப்பதில்லை என்பது. அதற்குத் தனி விண்ணப்பம் தேவை. தவறவிட்டவருக்கு நிலையை மீட்டுக்கொள்ள 90 நாள் அவகாசமும், உள்நாட்டிலிருந்தே விண்ணப்பிக்கும் மணத்துணைவருக்கு 2005 முதல் ஒரு தனிச் சலுகைக் கொள்கையும், 2014 டிசம்பர் முதல் காத்திருக்கும்போதே வேலை செய்யும் வாய்ப்பும் அங்கே உண்டு. இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வசிப்புரிமை நிலைக்கும் என்று 2012-இல் கொண்டுவந்த நிபந்தனையை, அது துன்புறுத்தலுக்கு ஆளான பெண்களைக் கட்டிப்போடுகிறது என்ற காரணத்தால் 2017-இல் கனடா கைவிட்டது என்பதை இந்தியாவின் 7-டி பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா இன்னும் வெளிப்படையானது: உள்நாட்டிலிருந்து துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்தவுடன் இடைப்பாலம் போன்ற ஒரு விசா தானாகவே வழங்கப்பட்டு, பழைய விசா முடியும் நாளில் அது உயிர்பெறுகிறது; ஆனால் மேற்கொண்டு தங்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் வந்த பார்வையாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஜப்பானில் உரிய காலத்தில் விண்ணப்பித்தவர் முடிவு வரும்வரை, அதிகபட்சம் இரண்டு மாதம், சட்டப்படி தங்கலாம். பிரிட்டனின் 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் நிலுவைக் காலத்தில் பழைய நிலை தொடர வழிசெய்கிறது, ஆயினும் பார்வையாளராக வந்தவர் அங்கிருந்தே மணத்துணை விசாவுக்கு மாற இயலாது. ஜெர்மனியிலும் நிலுவைச் சான்று உண்டு; குறுகிய கால ஷெங்கன் விசாவில் வந்தவருக்கு மட்டும் அது பயன்படாது. ஆக, சுற்றுலாப் பயணியாக நுழைந்து குடும்பத்தவராக மாறுவதில் எல்லா நாடுகளுக்கும் ஒருவகைத் தயக்கம் இருக்கிறது. இந்தியா அதில் தனித்து நிற்கவில்லை.

இந்தியா தனித்து நிற்பது வேறோர் இடத்தில். முறைப்படி, காலம் முடியுமுன் விண்ணப்பித்த ஒருவர், முடிவு வருமுன் விசாத் தேதி கடந்துவிட்டால் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரை நேரடியாகச் சொல்லவில்லை. நடைமுறையில் அதிகாரிகள் நிலுவை விண்ணப்பத்தைக் கருத்தில் கொள்கிறார்கள் என்றாலும், வங்கி, காப்பீட்டு நிறுவனம், வாடகை வீட்டு உரிமையாளர், விமான நிலையக் குடிவரவு மேசை ஆகியோரிடம் காட்டத்தக்க சட்டத் தகுதி அதிலிருந்து பிறப்பதில்லை. இத்தகைய தொடர்ச்சியை வழங்குவது இந்திய நிர்வாகத்துக்கு அந்நியமானதுமன்று. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் விமானங்கள் நின்றபோது, இங்கே சிக்கியிருந்த வெளிநாட்டவரின் விசாக்கள் கட்டணமின்றி நீட்டிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்று உள்துறை அமைச்சகம் அறிவித்து, அதை 2021-ஆம் ஆண்டிலும் தொடர்ந்தது. இந்தியரை மணந்த பாகிஸ்தான், வங்காளதேசப் பெண்களுக்கு நீண்டகால விசா என்ற தனி வகையும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நெருக்கடிக்கும் விதிவிலக்குக்கும் கிடைத்த தெளிவு, அன்றாட நடைமுறைக்கு மட்டும் கிடைக்காமலிருப்பதில் நியாயமில்லை.

இந்த ஆய்விலிருந்து பெறப்படும் தீர்ப்பு இரண்டு பகுதியுடையது. அரசு செய்ய வேண்டியது பெரிய சட்டமாற்றமன்று: உரிய காலத்தில் அளிக்கப்பட்ட விண்ணப்பம் தீர்க்கப்படும்வரை துணைவரின் முந்தைய நிலை தொடரும் என்ற ஒரு விதி, பத்தாண்டுக்கு மேல் சார்ந்தோராக வாழ்ந்தவருக்கு ஊழியரின் ஒப்பந்தத்தைச் சாராத வசிப்புரிமை, இத்தனை ஆண்டுக்குப் பின் மணமுறிவால் ஓ.சி.ஐ. நீங்காது என்ற ஒரு கால எல்லை ஆகியவையே போதும். அதுவரை குடும்பங்கள் தாமாகச் செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. வெளிநாட்டில் திருமணம் முடித்தவர்கள் சுற்றுலா விசாவில் வருவதைத் தவிர்த்து நுழைவு விசாவுடனேயே வர வேண்டும். தங்கவைப்பவரின் 24 மணி நேர அறிக்கை பதியப்பட்டதா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விசா முடிவதற்குப் பல வாரங்கள் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, அதன் ஒப்புகைச் சீட்டைக் கடவுச்சீட்டோடு வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மணவிழா முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று திருமணத்தைப் பதிந்துவிட வேண்டும், ஏனெனில் ஓ.சி.ஐ. அட்டைக்கான இரண்டாண்டைக் கோர உதவுவது அந்தப் பதிவேடுதான்.